பால் மாதிரியிலிருந்து மரபணு அறிக்கை: மடிநோய்ச் சோதனைச் சேவை ஒன்றின் மதிப்புரை

கறவை மாடுகளில் மடிநோயை உண்டாக்கும் பாக்டீரியா எது என்று சொல்வதோடு நில்லாமல், அந்தப் பாக்டீரியாவிடம் எந்தெந்த நோய்வீரிய மரபணுக்களும் (நோய் உண்டாக்கும் திறனைத் தருபவை) மருந்து எதிர்ப்பு மரபணுக்களும் இருக்கின்றன என்பதையும் சேர்த்து அறிக்கையாகத் தரும் ஆய்வகச் சேவைகள் இப்போது வந்துவிட்டன. பால் மாதிரியைக் குழாயில் எடுத்து அனுப்பினால், கிருமியின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். முறையில் சோதித்து, பக்கம் பக்கமாக முடிவுகளைத் தருகிறார்கள். மந்தை நலம் பார்க்கும் கால்நடை மருத்துவர் என்ற முறையில் அப்படிப்பட்ட சேவை ஒன்றைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். ஆய்வகத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. இவ்வகைச் சேவைகள் பலவும் ஏறத்தாழ ஒரே அமைப்பில்தான் இயங்குகின்றன என்பதால், இங்கே சொல்லும் நிறைகுறைகளைக் கொண்டு எந்தச் சேவையையும் வாசகர் தாமே எடைபோட்டுப் பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மந்தைக்குள் தொற்று எப்படிப் பரவுகிறது, யாரை யாரிடமிருந்து பிரிக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு இந்த அறிக்கை மிகச் சிறந்த கருவி. எதிரே நிற்கும் ஒரு மாட்டின் மடிநோய் எவ்வளவு கடுமையாகப் போகும் என்று அறிய அதை நம்பினால் ஏமாற்றமே கிடைக்கும்.

இத்தகைய சேவை ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். 1957ஆம் ஆண்டு முதல் புழக்கத்தில் இருக்கும் கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை இன்றும் கொட்டகையில் செய்யக்கூடிய மிக எளிய, மிக நம்பகமான முதற்சோதனை. நான்கு கிண்ணங்கள் கொண்ட தட்டில் நான்கு காம்புகளின் பாலைத் தனித்தனியே பீய்ச்சி, சோதனைக் கரைசலைச் சேர்த்துச் சுழற்றினால், பாலிலுள்ள உடற்செல்கள் (தொற்றின்போது பெரும்பாலும் வெள்ளணுக்கள்) உடைந்து அவற்றின் டி.என்.ஏ. வெளிப்பட்டுப் பால் கூழாகக் கெட்டிப்படும். ஆனால் மடி எதிர்வினை காட்டுகிறது என்பதை மட்டுமே அது சொல்லும். எதற்கு எதிராக என்பதைச் சொல்லாது. உடற்செல் எண்ணிக்கையும் அவ்வாறே. ஒரு மில்லிலிட்டருக்கு 2,00,000 என்ற அளவைத் தாண்டினால் அந்த மடிக்குள் தொற்று இருக்கலாம் என்று கொள்கிறோம். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது மாட்டுக்கு மாடு ஒட்டும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸா, படுக்கையிலிருந்து ஏறிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் யூபெரிஸா என்பது தெரியாது. இரண்டுக்கும் பண்ணையில் செய்ய வேண்டிய வேலை முற்றிலும் வேறு. முன்னதற்குக் கறக்கும் வரிசையையும், கறந்த பின் காம்பைக் கிருமிநாசினியில் தோய்க்கும் காம்பு நனைப்பையும் சரிசெய்ய வேண்டும். பின்னதற்கு மாடு படுக்கும் இடத்தைச் சரிசெய்ய வேண்டும். பாலிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனை இதற்கு விடை தரும் என்றாலும், வெளிப்படையான மடிநோய் கண்ட பால் மாதிரிகளிலேயே கணிசமான பங்கில் எதுவும் வளர்வதில்லை. மைக்கோபிளாஸ்மா போவிஸ் போன்ற பாக்டீரியாக்களை வளர்க்கத் தனி ஊடகமும் ஒரு வாரத்துக்கும் மேலான காத்திருப்பும் தேவை.

சேவையின் முதல் பகுதி மாதிரி எடுக்கும் பெட்டி. அதில் வரும் அறிவுறுத்தல் தாளைப் பாராட்டியே ஆக வேண்டும். காம்பு நுனியை 70 விழுக்காடு ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால், பஞ்சில் அழுக்கு ஒட்டாத வரை துடைக்க வேண்டும். துடைக்கும்போது தூரத்துக் காம்புகளை முதலிலும் அருகிலுள்ளவற்றைப் பிறகும் துடைக்க வேண்டும். பால் எடுக்கும்போது வரிசையை மாற்றி அருகிலுள்ளவற்றிலிருந்து தொடங்க வேண்டும். முதல் பீய்ச்சல்களைக் கழித்துவிட வேண்டும். குழாயைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் படத்தோடு விளக்கியிருக்கிறார்கள். துடைத்த காம்பின் மேல் கை உரசாமல் இருப்பதற்காகத்தான் அந்த வரிசை மாற்றம் என்ற காரணத்தையும் சொல்லியிருப்பது நல்லது. காரணம் தெரிந்தால்தான் வேலையாள் அதைக் கடைப்பிடிப்பார். பி.சி.ஆர். சோதனை மிகக் குறைந்த அளவு டி.என்.ஏ.வையும் பெருக்கிக் காட்டிவிடும் என்பதால், காம்புத் தோலில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவும் மடிக்குள் இருக்கும் பாக்டீரியாவும் அறிக்கையில் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே மாதிரி எடுக்கும் கை எவ்வளவு சுத்தமோ அவ்வளவுதான் அறிக்கையும்.

இவ்வளவு கவனமாக எழுதிய அதே தாளில், நான்கு காம்புகளின் பாலையும் ஒரே குழாயில் எடுத்து அனுப்பலாம் என்ற சலுகையையும் கொடுத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. செலவைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் தொற்றுள்ள ஒரு காம்பின் பால் மற்ற மூன்றின் பாலோடு கலந்து நீர்த்துப்போவதோடு, நான்கு காம்புகளின் மேற்பரப்பு மாசும் ஒரே குழாயில் சேர்கிறது. மந்தை முழுவதையும் ஒருமுறை அலசிப் பார்க்க அது போதும். ஒரு மாட்டைக் குறித்து முடிவெடுக்கப் போதாது. இந்த வேறுபாட்டைத் தாள் சொல்லவில்லை. இன்னொன்று: குழாயில் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும் பதப்படுத்தும் மருந்து, டி.என்.ஏ.வைக் கெடுப்பதில்லை, ஆனால் பாக்டீரியாவை வளரவிடாது. அறிக்கை வந்த பிறகு அந்தக் கிருமியை வளர்த்து எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்க விரும்பினால் அந்தக் குழாயால் பயனில்லை. எனவே ஒவ்வொரு மாதிரிக்கும் மருந்து சேர்க்காத இரண்டாவது குழாய் ஒன்றை எடுத்து உறைய வைத்துக்கொள்வது என் வழக்கம். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் உறைநிலையைத் தாங்கும். மைக்கோபிளாஸ்மா சந்தேகம் இருந்தால் மட்டும் உறைய வைக்காமல் குளிர்ச்சியில் வைத்து விரைவாக அனுப்ப வேண்டும்.

இனம் காணும் பகுதியில் எனக்குக் குறை அதிகமில்லை. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸை நுக் மரபணுவைக் கொண்டு அடையாளம் காண்கிறார்கள். வெப்பத்தைத் தாங்கும் டி.என்.ஏ. சிதைப்பு நொதிக்கான மரபணு அது, நன்கு நிலைபெற்ற இலக்கு. மடிநோய்க்குக் காரணம் என 1887இலேயே பதிவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியேவுக்கு சிஎஃப்பி மரபணு. 1944இல் விவரிக்கப்பட்ட கேம்ப் சோதனையில் ரத்தத் தட்டில் நாம் கண்ணால் பார்க்கும் அம்பு முனை வடிவத்துக்குக் காரணமான புரதத்தின் மரபணுவே அது. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே இல்லாததால் பெனிசிலின் வகை மருந்துகள் அதன்மேல் வேலை செய்யாது. அதை உடனே அறிவது மருந்து வீணாவதைத் தடுக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, புதிதாக வாங்கும் கறவைகளையும் கன்று ஈன்ற கிடேரிகளையும் மந்தையில் சேர்க்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்கிறேன்.

ஒவ்வொரு கிருமிக்கும் நேராகச் சுழற்சி எண்ணையும், அதாவது டி.என்.ஏ.வைப் பெருக்கும் எத்தனையாவது சுற்றில் கிருமி தெரிந்தது என்பதையும், தருகிறார்கள். எண் குறையக் குறைய மாதிரியில் டி.என்.ஏ. அதிகம், சோதனை முழுத் திறனோடு நடந்திருந்தால் ஏறத்தாழ 3.3 சுழற்சி வேறுபாடு பத்து மடங்கு வேறுபாட்டைக் குறிக்கும். வெறும் 'உண்டு', 'இல்லை' என்று எழுதிவிடாமல் இந்த எண்ணைத் தருவது நேர்மையான செயல். ஏனெனில் மிக உயர்ந்த சுழற்சி எண்ணில் தெரியும் கிருமி மாசாக இருக்கவும் வாய்ப்புண்டு என்பதை மருத்துவர் தாமே எடைபோடலாம். இறந்த பாக்டீரியாவின் டி.என்.ஏ.வும் சோதனையில் தெரியும் என்பதை அறிக்கையின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அது முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வர வேண்டிய செய்தி. மருந்து கொடுத்து முடித்தவுடன் மறுசோதனைக்கு அனுப்பி, 'இன்னும் கிருமி இருக்கிறது' என்று கலங்கும் பண்ணையாளர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இனி, சேவையின் விளம்பரத்தில் முதலிடம் பெறும் நோய்வீரிய மரபணுப் பட்டியல். இங்கேதான் மிகுந்த நிதானம் தேவை.

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு நீண்ட பட்டியலைத் தருகிறார்கள். பசுவின் திசுக்களில் ஒட்டிக்கொள்ள உதவும் புரதங்கள், ரத்தத்தை உறைய வைக்கும் கோவாகுலேஸ், எதிர்ப்புரதத்தின் (ஆன்டிபாடி) வால்பகுதியைப் பிடித்துக்கொண்டு அதன் வேலையை முடக்கும் புரதம் ஏ, செல்களைத் துளைக்கும் ஆல்ஃபா நஞ்சு, செல்சவ்வின் கொழுப்பை உடைக்கும் பீட்டா நஞ்சு, வெள்ளணுக்களைக் கொல்லும் லுக்எம்–லுக்எஃப் இணை, பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு வாழும் படலத்தைக் கட்ட உதவும் ஐகா, பாப் மரபணுக்கள் எனப் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொன்றும் உண்மையானது, ஒவ்வொன்றுக்கும் மடியில் ஒரு வேலை உண்டு. மடிக்குள் கிருமி நுழைந்தவுடன் பசு அனுப்பும் முதல் படை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களே. அவற்றைக் குறிவைத்துக் கொல்லும் லுக்எம்–லுக்எஃப் நஞ்சு, அசைபோடும் விலங்குகளிடம் காணப்படும் வகைகளோடு சேர்ந்தே பெரிதும் வருகிறது. எனவே அந்த மரபணு இருப்பது பொருளுள்ள செய்திதான்.

ஆனால் மரபணு இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸிடம் ஏஜிஆர் என்னும் கட்டுப்பாட்டு அமைப்பு உண்டு. சுற்றிலும் தன் இனத்தார் எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள் என்பதை உணர்ந்து, கூட்டம் குறைவாக இருக்கும்போது ஒட்டும் புரதங்களையும், கூட்டம் பெருகியதும் நஞ்சுகளையும் வெளியிடச் செய்வது அதுவே. ஒரே பாக்டீரியா, ஒரே மரபணுத் தொகுதி, ஆனால் காலையில் ஒரு முகம், மாலையில் வேறு முகம் காட்டக்கூடியது. நாள்பட்ட தொற்றுகளில் இது மடியின் சுரப்புச் செல்களுக்குள்ளேயே புகுந்து அடங்கிக் கிடப்பதும், நஞ்சு வெளியிடுவதைக் குறைத்துக்கொண்டு மிகச் சிறிய குழுக்களாக மெல்ல வளரும் வடிவத்துக்கு மாறுவதும் அறியப்பட்டவை. அப்படிப்பட்ட நிலையில் எடுத்த மாதிரியிலும் நஞ்சு மரபணுக்கள் எல்லாம் 'உண்டு' என்றே அறிக்கை சொல்லும். டி.என்.ஏ.வைப் பார்க்கும் சோதனைக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியாது. அது சோதனையின் குற்றமன்று, படிப்பவருக்கு அதை விளக்காததுதான் குற்றம்.

பாப் மரபணுவை எடுத்துக்கொள்வோம். மடிநோய் கண்ட பசுவிலிருந்து பிரித்தெடுத்த ஸ்டெஃபைலோகாக்கஸில் 2001இல் விவரிக்கப்பட்ட, படலம் கட்டும் பெரும் புரதத்தின் மரபணு அது. அது இருந்தால் 'நாள்பட்ட தொற்று அபாயம் உயர்வு' என்று அறிக்கை தானாகவே குறிப்பெழுதிவிடுகிறது. ஆனால் அந்தப் புரதம் படலம் கட்டுவதைக் கால்சியம் தடுக்கும் என்பது ஆய்வகச் சோதனைகளில் காட்டப்பட்டிருக்கிறது. பாலோ கால்சியம் நிறைந்தது. மடிக்குள் இந்த இரண்டும் எப்படி இழுபறி செய்கின்றன என்பது ஒற்றை வரியில் முடிகிற விஷயமன்று. போதாததற்கு, மடிநோய் மாதிரிகளில் பாப் உள்ளவை சிறுபான்மையே. அது இல்லாமலேயே நாள்பட்ட தொற்றாக நிலைத்துவிடும் வகைகள்தான் பெரும்பான்மை. ஆக, 'பாப் இல்லை' என்ற முடிவைக் கண்டு நிம்மதி கொள்ளவும் இடமில்லை.

நான் மிகவும் எதிர்ப்பது அறிக்கையின் உச்சியில் பெரிதாக அச்சிடப்படும் 'வீரிய மதிப்பெண்' என்னும் ஒற்றை எண்ணையே. எத்தனை நோய்வீரிய மரபணுக்கள் இருந்தன என்று கூட்டி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் தீட்டித் தருகிறார்கள். ஒட்டும் மரபணுவும் நஞ்சு மரபணுவும் ஒரே எடை பெறுகின்றன. கிட்டத்தட்ட எல்லா ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸிலும் இருக்கும் மரபணுக்களும் கணக்கில் சேர்கின்றன. சிவப்பு நிறத்தைப் பார்த்துவிட்டு நல்ல மாட்டைக் கழித்துவிடலாமா என்று கேட்கும் பண்ணையாளருக்கு அந்த எண் எந்த உதவியும் செய்வதில்லை. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தொற்று குணமாகுமா என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகிப்பவை மாட்டின் ஈற்று எண்ணிக்கை, உடற்செல் எண்ணிக்கை எவ்வளவு உயர்ந்திருக்கிறது, எத்தனை நாளாக உயர்ந்திருக்கிறது, எத்தனை காம்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றன, கிருமி பெனிசிலினை எதிர்க்கிறதா என்பவையே. முதல் ஈற்றில் ஒரே காம்பில் அண்மையில் பற்றிய தொற்றுக்கும், ஐந்தாம் ஈற்றில் மூன்று காம்புகளில் மாதக்கணக்கில் நீடிக்கும் தொற்றுக்கும் ஒரே மதிப்பெண் கிடைக்கலாம். முதலாவதைக் குணப்படுத்த முயல்வது நியாயம். இரண்டாவதற்கு மருந்தைக் கொட்டுவது வீண்.

ஈ. கோலை விஷயத்தில் இந்த மதிப்பெண் இன்னும் பொருளற்றுப் போகிறது. குடல் நோய்களை உண்டாக்கும் ஈ. கோலை வகைகளை நஞ்சு மரபணுக்களைக் கொண்டு தெளிவாகப் பிரிக்க முடிகிறது. மடிநோயை உண்டாக்கும் ஈ. கோலைக்கு அப்படி ஓர் உறுதியான அடையாள மரபணுத் தொகுதி இதுவரை இல்லை. மடிநோய் மாதிரிகளில் மிகுதியாகக் காணப்படுவதாகப் பலமுறை பதிவானது எஃப்இசி எனப்படும் இரும்பு உறிஞ்சும் மரபணுத் தொகுதி. பாலில் இரும்பை லாக்டோஃபெரின் என்னும் புரதம் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. அதே பாலில் சிட்ரேட் ஏராளம். சிட்ரேட்டோடு சேர்ந்த இரும்பை உள்ளிழுக்கத் தெரிந்த பாக்டீரியாவுக்குப் பாலில் வாழ்வது எளிது. அழகான விளக்கம்; ஆனாலும் அது வளர்ச்சிக்கு உதவும் மரபணு, மாட்டைச் சாய்க்கும் நஞ்சன்று. மாட்டைச் சாய்ப்பது ஈ. கோலையின் வெளிச்சுவரில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு என்னும் நச்சுப்பொருளும் அதற்கு உடல் காட்டும் எதிர்வினையுமே. அது எல்லா ஈ. கோலையிலும் இருக்கிறது. ஈ. கோலை மடிநோய் ஒரு மாட்டில் லேசாக முடிவதும் இன்னொரு மாட்டில் உயிருக்கே ஆபத்தாவதும் பெரும்பாலும் மாட்டைப் பொறுத்ததே: கன்று ஈன்ற முதல் வாரங்களா, உடல் ஆற்றல் பற்றாக்குறையில் இருக்கிறதா, வெள்ளணுக்கள் எவ்வளவு விரைவாக மடிக்கு வந்து சேர்கின்றன, தீவனத்தில் செலினியமும் வைட்டமின் ஈயும் போதுமா என்பவையே விடையைத் தீர்மானிக்கின்றன. காய்ச்சலோடு எழ முடியாமல் கிடக்கும் மாட்டுக்கு அறிக்கைக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதை ஆய்வகமே தாளில் எழுதி வைக்க வேண்டும்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் யூபெரிஸுக்கு உறை கட்டும் ஹாஸ்ஏ, பாலிலுள்ள பிளாஸ்மினோஜன் என்னும் புரதத்தைத் தூண்டும் பாவ்ஏ, சுரப்புச் செல்லில் ஒட்ட உதவும் சுவா என மூன்று மரபணுக்களைப் பார்க்கிறார்கள். ஆர்வமூட்டும் தகவல்தான், ஆனால் அதைக் கொண்டு பண்ணையில் மாற்றிச் செய்யக்கூடியது எதுவும் இல்லை. படுக்கைப் பொருளை உலர்வாக வைப்பதுதான் அங்கே வேலை.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இந்தச் சேவையை நான் விடாமல் பயன்படுத்துவதற்குக் காரணம், மரபணுப் பட்டியலில் பரவலைக் குறித்துப் பேசும் பகுதி. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் எல்லாம் ஒன்றல்ல. சில வகைகள் மந்தையில் ஓரிரு மாடுகளோடு நின்றுவிடும். சில வகைகள் கறவை இயந்திரத்தின் வழியே மந்தையின் பெரும்பகுதிக்குப் பரவும். சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2008இல் விவரித்த 'ஜினோடைப் பி' என்ற வகை அப்படி வேகமாகப் பரவுவது; அதை இனம் காண ஏடிஎல்பி என்னும் மரபணுவை இலக்காகக் கொண்ட சோதனை பின்னர் வந்தது. அந்த மரபணு இருக்கும் மாடுகளை மட்டும் தனியே பிரித்து, கறக்கும் வரிசையில் கடைசியில் நிறுத்தி, மந்தை முழுவதையும் தூய்மைப்படுத்தும் முயற்சிகளும் அங்கே நடந்தன. நான் பயன்படுத்தும் அறிக்கையில் ஏடிஎல்பி இருக்கிறது. ஆனால் மதிப்பெண்ணில் மற்ற மரபணுக்களோடு கலந்து மறைந்து கிடக்கிறது. மந்தை நிர்வாகத்துக்கு முழு அறிக்கையிலும் மிகவும் பயனுள்ள வரி அதுதான். அந்த வகை உள்ள மந்தையில் எல்லா மாடுகளையும் ஒருமுறை சோதித்து, தொற்றுள்ளவற்றைப் பிரித்து, கடைசியில் கறந்து, ஒவ்வொரு கறவைக்குப் பின்னும் காம்பு நனைப்பைத் தவறாமல் செய்தால் பலன் கண்கூடாகத் தெரிகிறது.

அதே போல, எஸ்சிஎன், எஸ்ஏகே என்னும் இரண்டு மரபணுக்களையும் கவனித்துப் பார்ப்பது நல்லது. மனிதரின் நோய் எதிர்ப்பை ஏமாற்றுவதற்கான இந்த மரபணுக்களைச் சுமக்கும், பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு பேஜ் வைரஸ், ஸ்டெஃபைலோகாக்கஸின் பீட்டா நஞ்சு மரபணுவுக்குள்ளேயே புகுந்து அதை உடைத்துவிடுகிறது. மனிதரிடம் வாழும் வகைகளில் இந்தப் பேஜ் பரவலாக உண்டு. பசுவிடம் நிலைபெற்ற வகைகளில் பெரும்பாலும் இருக்காது, பீட்டா நஞ்சு மரபணுவும் உடையாமல் இருக்கும். ஆகவே ஒரு மாட்டின் பாலில் இந்த இரண்டு மரபணுக்களும் தெரிந்தால், கிருமி கறப்பவரின் கையிலிருந்தோ மூக்கிலிருந்தோ வந்திருக்கலாம் என்று சந்தேகிக்கவும், கையுறை பழக்கத்தைக் கேட்டறியவும் இடமுண்டு. இதன் மறுபக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மனிதரிடமிருந்து பசுவுக்குத் தாவிய, சி.சி.8 என்னும் மரபுக் கிளையைச் சேர்ந்த ஆரியஸ் வகைகள், தாவிய பிறகு அந்தப் பேஜைத் துறந்துவிட்டன என்பது ஆய்வுகளில் தெரிந்த செய்தி. மரபணு இல்லை என்பதற்காக மனிதத் தொடர்பே இல்லை என்று முடிவு கட்ட இயலாது.

மருந்து எதிர்ப்பு மரபணுக்களில் பிளாஇசட் முதன்மையானது. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியின் மரபணு அது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸிடம் அது இருந்தால் பெனிசிலினால் குணமாகும் வாய்ப்பு குறைவு, இல்லாவிட்டால் பெனிசிலின் போதும், விலையுயர்ந்த அகன்ற வீச்சு மருந்துகள் தேவையில்லை. பால் வற்றும்போது எந்த மாட்டுக்கு எந்த மருந்தை மடிக்குள் ஏற்றுவது என்பதை இந்த ஒரு வரியே மாற்றிவிடக்கூடும். ஆனால் ஒரு பெரிய எச்சரிக்கை உண்டு. பாலிலிருந்து நேரடியாகச் செய்யும் பி.சி.ஆரில், கண்ட மரபணு எந்தப் பாக்டீரியாவுக்குச் சொந்தம் என்று தெரியாது. ஆரியஸ் அல்லாத பிற ஸ்டெஃபைலோகாக்கஸ் இனங்கள் காம்புத் தோலிலும் மடியிலும் சாதாரணமாக இருப்பவை. பிளாஇசட்டும் மெத்திசிலின் எதிர்ப்புக்கான மெக்ஏயும் அவற்றிடமே இருக்கலாம். ஒரே மாதிரியில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸும் மெக்ஏயும் தெரிந்தன என்பதற்காக 'மெத்திசிலினை எதிர்க்கும் ஆரியஸ்' என்று சிவப்பு எழுத்தில் அச்சிடுவது தவறு. இந்த ஆய்வகத்தின் அறிக்கை அப்படித்தான் அச்சிட்டு வந்தது. அப்படி ஒரு பண்ணைக்கு வந்த அறிக்கையைக் கண்டு உரிமையாளர் கலங்கிப்போனார். உறைய வைத்திருந்த இரண்டாவது குழாயிலிருந்து வளர்த்துப் பார்த்தபோது ஆரியஸ் மருந்துக்குக் கட்டுப்படுவதாகவும், மெக்ஏ வேறோர் ஸ்டெஃபைலோகாக்கஸிடம் இருப்பதாகவும் தெரிந்தது. இரண்டாவது குழாயின் அருமை அப்போது அனைவருக்கும் விளங்கியது. ஆய்வகத்தின் நுண்ணுயிரியலாளரிடம் எடுத்துச் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டு, ஏற்றுக்கொண்டு, இப்போது 'மாதிரியில் காணப்பட்டது' என்று எழுதுகிறார்கள். வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் அந்தப் பண்பு பெரிய நிறை.

மெக்ஏ போலவே மெத்திசிலின் எதிர்ப்பைத் தரும் மெக்சி மரபணு பட்டியலில் இல்லாதது இன்னும் தீராத குறை. இங்கிலாந்தில் பண்ணைத் தொட்டிப் பாலிலிருந்து பிரித்த ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸில் முதன்முதலில் கண்டறியப்பட்டு, 2011இல் விவரிக்கப்பட்ட மரபணு அது. மெக்ஏயோடு அதன் டி.என்.ஏ. வரிசை ஏறத்தாழ 70 விழுக்காடே ஒத்துப்போவதால், மெக்ஏக்கென வடிவமைத்த சோதனை அதைத் தவறவிட்டுவிடும். பால்மாட்டில் கண்டறியப்பட்ட மரபணுவை பால்மாட்டுக்கான சோதனையிலேயே சேர்க்காமல் விட்டதற்கு நியாயம் இல்லை.

முடிவுகள் பெரும்பாலும் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகின்றன. விடுமுறை ஒட்டிய வாரங்களில் மட்டும் தாமதம் ஆகிறது, அதை முன்கூட்டியே தெரிவிப்பதில்லை. இணையப் பக்கத்தில் பழைய அறிக்கைகளை மாட்டு எண்ணின்படி தேடிப் பார்க்க முடிவதும், ஒரே மாட்டின் அடுத்தடுத்த முடிவுகளைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்க முடிவதும் வேலையை எளிதாக்குகின்றன. மந்தையின் பால் முழுவதும் சேரும் தொட்டிப் பாலின் சோதனையையும் இவர்களே செய்கிறார்கள். அதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியேவோ மைக்கோபிளாஸ்மாவோ தெரிந்தால் மந்தைக்குள் எங்கோ தொற்றுள்ள மாடு இருக்கிறது என்று உறுதியாகக் கொள்ளலாம், ஈ. கோலையோ யூபெரிஸோ தெரிந்தால் அது சாணத்திலிருந்தும் சுத்தக் குறைவான கறவைச் சாதனங்களிலிருந்தும் வந்திருக்கலாம் என்பதால் அதை மடிநோயின் சான்றாகக் கொள்ளக் கூடாது. தொட்டிப் பால் அறிக்கையில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக விளக்கியிருக்கிறார்கள். தனி மாட்டின் அறிக்கையிலும் இதே தெளிவு வந்தால் நன்று.

உடற்செல் எண்ணிக்கை மந்தை அளவில் உயர்ந்து வருவதற்குக் காரணம் புரியாத பண்ணைகளுக்கும், வெளியிலிருந்து மாடு வாங்கும் பண்ணைகளுக்கும், பால் வற்றும்போது எல்லா மாட்டுக்கும் மருந்து ஏற்றுவதைக் குறைத்துத் தேவைப்படுபவற்றுக்கு மட்டும் ஏற்ற விரும்பும் பண்ணைகளுக்கும் இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வெளிப்படையான மடிநோய் ஒன்றிரண்டு மட்டும் அவ்வப்போது வந்து போகும் சிறு மந்தைக்கு வளர்ப்புச் சோதனையே போதும். அதோடு கிருமியைக் கையில் வைத்துக்கொண்டு மருந்துணர்வுச் சோதனையும் செய்துகொள்ளலாம். சேவையை எடுப்பவர்கள் வண்ண மதிப்பெண்ணைத் தாண்டி, இனம், சுழற்சி எண், ஏடிஎல்பி, பிளாஇசட் ஆகிய வரிகளை நேரே படிக்க வேண்டும். மாதிரியை அனுப்பும் முன்பே, நேர்முடிவு வந்த மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துச் சேமித்து வைப்பார்களா, எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று ஆய்வகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லை என்று சொன்னால், பதப்படுத்தும் மருந்து சேர்க்காத இரண்டாவது குழாயைப் பண்ணையின் உறைபெட்டியில் மாட்டு எண்ணும் காம்பும் தேதியும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.